ஓடுகிற வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்கலாமா?

கேள்வி: 11 ஆண்டுகளாக ஒரே 150 சிசி பைக் வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட நடுவழியில் விட்டதில்லை. அதே நிறுவனத்தின் புது மாடல் ஃபியூயல் இன்ஜெக்ஷன் (கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலை அளந்து செலுத்துவது), ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), டிஜிட்டல் மீட்டருடன் வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது. மாற்றிவிடலாமா, இதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

இந்த மாதம் மாற்றாதீர்கள். அடுத்த ஆண்டு மாற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதம் வேண்டாம் என்கிறேன். காரணம், நீங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் இருக்கிறீர்கள்.

நீங்கள் ஓட்டிய புது வண்டியில் டயர் புதிது, ஃபோர்க் (முன் ஷாக் அப்சார்பர்) ஆயில் புதிது, செயின் புதிது, ஹேண்டில் பேரிங் புதிது, பிரேக் ஆயில் புதிது. உங்கள் வண்டியில் இவையெல்லாம் கடைசியாக எப்போது மாறின? நம்பிக்கையாக ஓடுகிற வண்டிக்கு ஒரு சாபம் உண்டு. தொந்தரவு தராததால் அதை யாரும் கவனிப்பதில்லை. இன்ஜின் ஆயில் மாற்றுவதோடு சரி. அப்படி விடப்பட்ட வண்டியையும் ஷோரூமில் துடைத்து நிறுத்தியிருக்கும் வண்டியையும் ஒரே நாளில் ஓட்டிவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது எந்த விதத்தில் நியாயம்? நீங்கள் உணர்ந்த சுகத்தில் பெரும்பகுதி புது டயரின் சுகமாகவே இருக்கலாம்.

டயரின் பக்கவாட்டில் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் 4 இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயவில்லை என்று பல ஆண்டுகள் வைத்திருக்கிறோம். அதற்குள் ரப்பர் இறுகி, ஈரத்தில் பிடிப்பு போயிருக்கும். அடுத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கவைத்து, ஹேண்டிலை இரண்டு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாக ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் சிக்கினால், பேரிங் கிண்ணத்தில் தடம் விழுந்துவிட்டது. வண்டி நேராகப் போகாமல் அலைவதற்கும் வளைவில் அடம்பிடிப்பதற்கும் அது ஒன்று போதும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

இதையெல்லாம் செய்து முடித்து, உங்கள் வண்டியைச் சில வாரங்கள் ஓட்டிவிட்டு, பிறகு மறுபடியும் புது மாடலை ஓட்டிப் பாருங்கள். அப்போது தெரிகிற வித்தியாசம்தான் நிஜமான வித்தியாசம்.

இதை ஏன் இவ்வளவு வேகத்தோடு சொல்கிறேன் என்றால், நல்ல இன்ஜினோடு இருந்த என் வண்டியை ஏறக்குறைய விற்கவைத்துவிட்டார்கள்.

என்னுடையதும் உங்களுடையதைப் போன்றதுதான். காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், கிக்கர். ஒரு கட்டத்தில் காலையில் கிளப்பியதும் சைலன்சரிலிருந்து நீலப் புகை வரத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அதன் பிறகு நாள் முழுக்க வராது. ஷோரூமோடு சேர்ந்த சர்வீஸில் விட்டேன். அங்கிருந்தவர் வண்டியைக் கிளப்பி, புகையைப் பார்த்து, அணைத்தார். "போர் போய்விட்டது சார், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவர் தேய்ந்துவிட்டது. இன்ஜின் இறக்க வேண்டும். அவ்வளவு செலவழிப்பதற்குப் பதிலாக எக்ஸ்சேஞ்சில் புதிது எடுத்துவிடலாம்" என்றார். ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குள் எக்ஸ்சேஞ்ச் படிவம் மேசைக்கு வந்துவிட்டது.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, கார்புரேட்டர் காலத்திலிருந்தே வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "புகை எப்போது வருகிறது தம்பி? கிளம்பும்போது மட்டுமா, முறுக்கும்போதும் வருகிறதா?" கிளம்பும்போது மட்டும் என்றேன். பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை முறுக்கினார். என்னை ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடிக்கச் சொல்லிவிட்டு, முள் ஏறி நிற்கும்வரை கிக்கரை மிதித்தார். அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பிறகு பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை உள்ளே விட்டு, மறுபடியும் மிதித்தார். முள் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

"பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் இந்த ஆயில் இடுக்கை அடைத்து முள்ளைத் தூக்கியிருக்கும். தூக்கவில்லை. போர் நன்றாக இருக்கிறது" என்றார்.

ஹெட்டைக் கழற்றி, வால்வு தண்டின் மேலே குல்லாய்போல் மாட்டியிருக்கும் ரப்பர் சீல்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். நகத்தால் அழுத்தினேன், வளையாமல் விண்டுபோனது. புதிதை அழுத்தினால் அமுங்கி மறுபடி எழுந்தது. இவ்வளவுதான் நோய். வெப்பத்தில் இறுகிப்போன சீல் வழியாக இரவில் ஆயில் கசிந்து இறங்கித் தேங்கியிருக்கிறது. காலையில் கிளப்பியதும் அது எரிந்து நீலப் புகையாக வந்திருக்கிறது. சீலை மாற்றிய பிறகு அந்தப் புகை வரவே இல்லை. அதே இன்ஜின், அதே பிஸ்டன், இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. சீல் போனதற்கு இன்ஜினே போய்விட்டது என்று சொன்னவரை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

எல்லா சர்வீஸ் சென்டரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அங்கே உண்மையாக உழைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் புது வண்டி விற்பனையும் பழைய வண்டிக்கு நோய் சொல்வதும் ஒரே கூரைக்குக் கீழே நடந்தால், இரண்டாவது கருத்து கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் கிடந்து உறுத்துகிறது. நம்பகமான வண்டி வைத்திருப்பவனிடம்தான் எல்லோரும் இரவல் கேட்பார்கள். "உன் வண்டி என்றால் பயமில்லாமல் போய்வரலாம்" என்பார்கள். கொடுக்காவிட்டால் மனத்தாங்கல். உறவினர் ஒருவர் அடிக்கடி வாங்கிப் போவார். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டும் பழக்கம் அவருக்கு. கிளட்ச் பிளேட் எரிந்து, மேட்டில் இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி நகராத நிலைக்கு வந்தது. பிளேட் செட்டை நான் மாற்றினேன். வண்டி பழசாகிவிட்டது, மாற்றிவிடு என்று வீட்டுக்கே வந்து எனக்கு முதலில் அறிவுரை சொன்னவர் யார் தெரியுமா? அவர்தான். இரவல் வாங்குகிறவர்கள் டேங்கைக் காலியாக்கிவிட்டு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிறர் பொருளைத் தேய்த்துவிட்டு, தேய்ந்துவிட்டதே என்று அந்தப் பொருளைக் குறைசொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. இப்போது யாருக்கும் தருவதில்லை. கெட்ட பெயர் வந்தது, வரட்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இதுவரை படித்துவிட்டு, இவன் புதுமைக்கு எதிரி, கார்புரேட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்புரேட்டரைவிட மேலானது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. குளிரில் சோக் இழுக்க வேண்டாம், மலை ஏறினால் தானே அளவைச் சரிசெய்துகொள்ளும், புகை குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறிய முனையான பைலட் ஜெட்டில் இருக்கும் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்டியைச் சில வாரங்கள் சும்மா நிறுத்தினாலே அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் குழாயை மாற்றலாம், ஜெட்டைச் சுத்தம் செய்யலாம். இன்ஜெக்ஷன் வண்டிக்கும் அதற்கான பராமரிப்பு உண்டு. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் டேங்கிலிருந்து பெட்ரோலை அனுப்பும் பம்பும் ஓடாது, இன்ஜினும் கிளம்பாது. அந்தப் பம்பைக் குளிர்விப்பதே டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் என்பதால், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்கள் அதன் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

வடிவமைப்பு பழையது என்பதும் ஒரு குறை இல்லை. ஹோண்டா சூப்பர் கப் என்ற சிறிய பைக் 1958-இல் வந்தது. அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமலே அதன் உற்பத்தி 2017-இல் 10 கோடியைத் தாண்டியது. உள்ளே தேவைப்பட்டதை மட்டும் காலத்துக்கேற்ப மாற்றினார்கள்.

ஆகவே பழையதா புதியதா என்று யோசிக்காதீர்கள். உங்கள் வண்டியில் பழுதுபார்த்துத் தீர்க்க முடியாத குறை எது என்று பாருங்கள். என் கணக்கில் அப்படிப்பட்டவை மூன்றே மூன்று. சேஸிஸ் வளைந்தோ விரிசல் விட்டோ துருப்பிடித்தோ போயிருந்தால், தயங்காமல் விட்டுவிடுங்கள். உதிரிபாகங்கள் வருவது நின்றுவிட்டாலும் அப்படித்தான். இதை விசாரிக்கும்போது செயின், ஃபில்டர், பிரேக் ஷூ கிடைக்குமா என்று கேட்டுப் பயனில்லை, அவை எங்கும் கிடைக்கும். வயரிங் செட், சிடிஐ யூனிட் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்பொறி தரும் பெட்டி), கார்புரேட்டர் டயாஃப்ரம் கிடைக்குமா என்று கேளுங்கள். அங்கேதான் உண்மை தெரியும்.

மூன்றாவது ஏபிஎஸ். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஈரச் சாலையில் பதறி முன் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால், ஹேண்டிலைத் திருப்பிப் பயனில்லை, வண்டி சரிந்துவிடும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பதறிய நொடியில் கை கணக்குப் பார்க்காது. ஏபிஎஸ் சக்கரத்தின் வேகத்தை சென்சாரால் கவனித்து, பூட்டப்போகிற தருணத்தில் அழுத்தத்தைத் தளர்த்தி மறுபடி கொடுக்கிறது, அதுவும் ஒரே நொடிக்குள் பல தடவை. 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் வந்த தொழில்நுட்பம் இது. ஐரோப்பிய ஒன்றியம் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2016-இலிருந்து கட்டாயமாக்கியது. பழைய வண்டியில் மெக்கானிக் இதைப் பொருத்தித் தர முடியாது. மினி ஏபிஎஸ் என்று பிரேக் குழாயில் மாட்ட ஒரு சிறிய உலோகத் துண்டை விற்கிறார்கள். அதில் சென்சாரும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை நம்பி வேகமாகப் போகாதீர்கள்.

என் தங்கையின் வண்டியில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் அவள் இரவு வேலை முடிந்து நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே, மழையிலும் வருகிறவள். சில நாள் மகனும் பின்னால் இருப்பான். மாற்று என்று நான்தான் வற்புறுத்தினேன். உன் வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு எனக்கு ஏன் சொல்கிறாய் அண்ணா என்று கேட்டாள். நான் பகலில், ஊருக்குள், மெதுவாக, தனியாகப் போகிறவன். என் ஓட்டம் வேறு, உன் ஓட்டம் வேறு என்றேன். வாங்கிவிட்டாள்.

உங்கள் ஓட்டம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் பகலில் போய்வருகிறவர் என்று வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் சொன்னேன். அப்படியானால் டயர், பேரிங், ஃபோர்க், பிரேக் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு இதையே ஓட்டுங்கள். புது மாடலின் முதல் ஆண்டு வண்டிகளில் தெரியாத கோளாறுகள் வெளிவரும். அவை தீர்ந்த பிறகு வாங்குவது எப்போதும் நல்லது. இரவு, மழை, நெடுஞ்சாலை, பின்னால் ஓர் ஆள் என்றால் என் பதில் மாறுகிறது. அப்போது வாங்குங்கள். ஆனால் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்று கேளுங்கள். ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பங்கிடும் சிபிஎஸ் என்பது வேறு. அது சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. விற்பனையாளர் இரண்டையும் ஒன்றுபோலப் பேசினால் திருத்துங்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். அதற்கு அனுமதிக்க மாட்டோம் என்றால் வேறு ஷோரூமுக்குப் போய்விடுங்கள்.