பலகையில் ஏறும் முன்: புதியவர்களின் கேள்விகள்

எங்கள் கல்லூரிப் பலகைக் குழுவில் அலையில் சர்ஃபிங், தரையில் ஸ்கேட்டிங், பனியில் ஸ்னோபோர்டிங் மூன்றும் உண்டு. நான்கு வருடமாக விழுந்து எழுந்தவள் என்ற ஒரே தகுதியில், இந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஜூன் மாதம் முட்டத்தில் சர்ஃபிங் பழகலாமா?

வேண்டாம் மக்களே. தென்மேற்குப் பருவக்காற்றில் நம் மேற்குக் கரை கொந்தளிக்கும். முட்டத்தில் பாறை வேறு. மழைக்காலம் ஓயட்டும். அதற்குள் நீச்சலைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடல் அமைதியாக இருந்தால் இறங்கலாம்தானே?

எனக்குப் பயமே இந்தக் கேள்விதான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் காற்றில் கிளம்பும் அலை, நாட்கணக்கில் பயணித்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரையேறும். சொல்லாமல் வருவதால்தான் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அதனால் கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. பார்த்த பிறகும், கரையில் வலை சரிசெய்யும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் தலையை ஆட்டி மறுத்தால் அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

உள்ளே நீரோட்டம் இழுத்தால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள். பலகையை மட்டும் விடவே கூடாது, அது மிதக்கும்.

கேள்வி: எந்தக் கால் முன்னே?

ஈரத் தரையில் சறுக்கிப் பாருங்கள், தானாக முன்னே போகும் கால்தான். இடது என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. பொதுவாக மூன்று பலகைக்கும் அதே கால்தான்.

கேள்வி: என் ஸ்கேட்போர்டு இரண்டே மாதத்தில் கீச்சிடுகிறதே?

குளச்சல்காரர்தானே? உப்புக் காற்றில், சக்கரத்தைச் சுழலவைக்கும் பேரிங் துருப்பிடித்திருக்கும். கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, பேரிங் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஒருவர் விட்டுப் பார்த்துவிட்டார்.

கேள்வி: நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஸ்னோபோர்டா?

சிரியுங்கள். கன்னியாகுமரியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்று நாளில் ஜம்மு. அப்புறம் மலைப்பாதையில், காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க். ஜனவரி, பிப்ரவரியில் நல்ல பனி இருக்கும். சர்ஃபிங் பழகியவர்களுக்குப் பின்காலில் சாயும் பழக்கம் இருக்கும். பனியில் அப்படிச் சாய்ந்தால் பலகை திரும்பாது, எடை முன்காலில் இருக்க வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் உட்கார முடியவில்லை.