குரோப்ரெடி விழாவுக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் இங்கிலாந்து ராக் குழு, ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது வார இறுதியையொட்டி ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள குரோப்ரெடி கிராமத்தில் மூன்று நாள் இசைவிழா நடத்துகிறது. லண்டனில் வசிக்கும் வாசகர்களும், கோடையில் பிள்ளைகளைப் பார்க்க அங்கே செல்லவிருக்கும் பெற்றோர் சிலரும் அது பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் முதன்முறையாகக் குரோப்ரெடிக்குப் போகிறோம். வேறு பெரிய இசைவிழாக்களுக்குச் சென்று பழக்கம் உண்டு. அதே ஏற்பாடுகள் போதுமா? (எஸ்.கே., ஈஸ்ட் ஹாம்)

டென்ட், மழைச்சட்டை, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், டார்ச் ஆகியவை எங்கும் வேண்டியவைதாம். வேறுபாடு மேடையில் இருக்கிறது. பெரிய விழாக்களில் ஒரே நேரத்தில் பத்து இடங்களில் பாட்டு நடக்கும்; யாரைக் கேட்பது, யாரை விடுவது என்று கையில் அட்டவணையுடன் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். குரோப்ரெடியில் ஒரே மேடைதான். வியாழக்கிழமை மாலை தொடங்கும் நிகழ்ச்சி, வெள்ளியும் சனியும் நண்பகலில் ஆரம்பித்து நள்ளிரவை நெருங்கும் வரை, குழுக்கள் மாறும் சிறு இடைவெளிகளைத் தவிர, தொடர்ந்து நடக்கும். மைதானம் மேடையை நோக்கி மெல்லச் சரியும் புல்வெளி என்பதால், பின்வரிசையில் உட்கார்ந்தாலும் மேடை நன்றாகத் தெரியும்.

ஆகவே நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய முதல் பொருள் மடக்கு நாற்காலி. பூங்காவுக்கு எடுத்துச் செல்லும் வகையில் உட்காருமிடம் தாழ்வாக இருப்பது நல்லது. உயரமான நாற்காலி பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். ஆடவும் நின்று கேட்கவும் விரும்புகிறவர்கள் மேடைக்கு அருகே செல்லலாம். காலையிலேயே பத்து நாற்காலிகளைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, மாலை வரை ஆளே வராமல் இருக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு. நால்வர் என்றால் நான்கு நாற்காலிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபேர்போர்ட் கன்வென்ஷன் ராக் குழுவா, நாட்டுப்புறப் பாடல் குழுவா? சில ஆயிரம் பேர் கூட இல்லாத ஒரு கிராமத்தில் இவர்கள் ஏன் விழா நடத்துகிறார்கள்? (ப.மா., ஹாரோ)

இரண்டுமே சரிதான். 1967இல் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில், ‘ஃபேர்போர்ட்’ என்று பெயரிடப்பட்ட ஒரு வீட்டில் ஒத்திகை பார்த்துத் தொடங்கிய இளைஞர்களின் குழு இது. ஆஷ்லி ஹட்சிங்ஸ், சைமன் நிக்கோல், ரிச்சர்ட் தாம்ப்சன் ஆகியோர் தொடக்ககால உறுப்பினர்கள். முதலில் அமெரிக்கப் பாணி ராக் இசையை வாசித்தவர்கள், பாடகி சாண்டி டென்னியும் வயலின் கலைஞர் டேவ் ஸ்வார்ப்ரிக்கும் சேர்ந்த பிறகு, நூற்றாண்டுகள் பழமையான ஆங்கிலேயக் கதைப்பாடல்களை மின்கிட்டாரும் டிரம்ஸும் வைத்து வாசித்தார்கள். பிரிட்டனில் ‘ஃபோக் ராக்’ என்று வழங்கும் இசை வகைக்கு 1969இல் அவர்கள் வெளியிட்ட பதிவுகளே பெரும் அடித்தளம்.

கிராமத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1970களில் ஸ்வார்ப்ரிக்கும் பேஸ் கிட்டார் கலைஞர் டேவ் பெக்கும் குரோப்ரெடிப் பக்கம் குடியிருந்தார்கள். ஊர் நிகழ்ச்சிகளில் அக்கம்பக்கத்தாருக்காகக் குழு வாசித்ததுதான் தொடக்கம். 1979இல் குழுவைக் கலைத்துவிடுவது என்று முடிவானது. மின்னிசையின் ஓசையால் ஸ்வார்ப்ரிக்கின் செவிகள் பாதிக்கப்பட்டிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவ்வாண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி பகலில் நெப்வொர்த்தில் லெட் ஸெப்பலின் குழுவின் மாபெரும் கச்சேரிக்கு முன்னால் வாசித்துவிட்டு, மாலையில் குரோப்ரெடிக்கு வந்து ஒரு வயல்வெளியில் விடைபெறும் கச்சேரி நடத்தினார்கள்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெக்கும் அவர் மனைவி கிறிஸ்டீனும் அந்த விடைபெறும் பயணத்தின் பதிவைத் தாங்களே ஒரு சிறு நிறுவனம் தொடங்கி வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பழைய நண்பர்கள் மீண்டும் கூடினார்கள். அதற்கடுத்த ஆண்டும் கூடினார்கள். ஓராண்டு மட்டும் அருகிலுள்ள பிராட்டன் கோட்டைக்கு இடம் மாறியது. 1985இல் முறையாக மீண்டும் குழுவாகும் வரை, ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்று ஒன்று இருந்தது ஏறத்தாழ இந்த ஆகஸ்ட் கூடுகையில் மட்டுமே. விழாவை இந்தக் குழு நடத்துகிறது என்று சொல்வதைவிட, இந்த விழாதான் குழுவைக் காப்பாற்றியது என்று சொல்வது பொருத்தம். இதைத் தெரிந்துகொண்டு போனால், சனிக்கிழமை இரவில் நரைத்த தலைகள் ஆயிரக்கணக்கில் ஏன் அவ்வளவு உரிமையோடு கூடப் பாடுகின்றன என்பது புரியும்.

கேள்வி: யார் யார் பாடப் போகிறார்கள் என்பது வெளியான பிறகு டிக்கெட் வாங்கலாமா? பெரிய பெயர் வரும் நாளுக்கு மட்டும் போனால் போதாதா? (ர.வி., குராய்டன்)

போகலாம், ஒரு நாள் டிக்கெட்டும் விற்பது வழக்கம். ஆலிஸ் கூப்பர் 2013இலும் பிரையன் வில்சன் 2018இலும் இந்த மேடைக்கு வந்தார்கள். இரண்டு முறையும் வியாழக்கிழமை. சனிக்கிழமைக்கு மட்டும் வந்தவர்கள் அவர்களைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பெயருக்காக மட்டும் போகிறவர்களுக்கு இந்த விழாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பெரிய பெயரை அரங்கத்தில் குளிர்சாதன வசதியோடு கேட்க லண்டனிலேயே இடங்கள் உண்டு. மாறாக, வியாழன் மாலை ஃபேர்போர்ட் குழுவே பெரும்பாலும் மின்கருவிகளின் ஆரவாரம் இல்லாமல் ஒரு சிறு நிகழ்ச்சியோடு விழாவைத் தொடங்கி வைப்பதையும், சனிக்கிழமை இரவு அவர்களே மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், பழைய உறுப்பினர்களையும் விருந்தினர்களையும் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து வாசித்து முடிப்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் நடுவில் வந்தவர்கள் ஏன் அழைக்கப்பட்டார்கள் என்பது விளங்கும். செலவு இடம் கொடுத்தால் மூன்று நாட்களுக்கும் வாங்குங்கள். முகாமிடும் இடத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் விழா நடக்கவில்லை என்பதை நினைவில் வைத்து, தேதி உறுதியான பிறகே விடுதிக்கும் ரயிலுக்கும் பணம் கட்டவும்.

கேள்வி: ஆகஸ்டில் மகன் வீட்டுக்கு லண்டன் செல்கிறோம். எனக்கு 66 வயது, கணவருக்கு 70. மகனும் மருமகளும் எங்களையும் இந்த விழாவுக்கு அழைக்கிறார்கள். எங்களால் முடியுமா? (ஜெ.ல., சென்னை)

தாராளமாக முடியும். அந்த மைதானத்தில் உங்கள் வயதினருக்குப் பஞ்சமே இல்லை. குழுவை ஆரம்ப காலம் முதல் கேட்டு வருகிறவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள்.

விசாவை முதலில் முடியுங்கள். சாதாரண வருகையாளர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு தெரியும் என்றாலும் கோடையில் கூட்டம் அதிகம் என்பதால், மே மாதமே விண்ணப்பித்துவிடுவது நல்லது. விழா டிக்கெட்டை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மகன் வீட்டில் தங்குவதையும், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும், ஊர் திரும்புவீர்கள் என்பதையும் காட்டும் ஆவணங்கள்தாம் முக்கியம்.

டென்டில் படுப்பது உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இரவில் கழிப்பறைக்கு ஈரப்புல்லில் நடக்க வேண்டியிருக்கும். விழித்து எழுந்தால் தரையின் குளிர் முதுகில் தெரியும். சில மைல் தொலைவிலுள்ள பான்பரி நகரில் அறை எடுத்துக்கொண்டு, பகலில் வந்து இரவில் திரும்புங்கள். விழா வாரத்தில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகஸ்ட்தானே என்று பருத்திச் சேலையோடு வந்துவிடாதீர்கள். வெயில் எட்டரை மணி வரை இருக்கும். அது இறங்கியதும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வந்துவிடும். ஸ்வெட்டர், காலுறை, மடியில் போட்டுக்கொள்ள ஒரு கம்பளி மூன்றும் அவசியம்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? (கே.ஆர்., வெம்பிளி)

மைதானத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும்; விலைதான் விழா விலையாக இருக்கும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. காலை உணவை மட்டும் மைதானத்துக்கு வெளியே ஊருக்குள் சாப்பிடுங்கள். கிராமத்து அமைப்புகள் தங்கள் பொதுக்காரியங்களுக்குப் பணம் திரட்ட, ஊர்மக்களைக் கொண்டே காலைச் சிற்றுண்டி பரிமாறுவது இங்கே வழக்கம். பன்றி இறைச்சி இல்லாமல் முட்டை, காளான், தக்காளி, அவரை, ரொட்டி மட்டும் என்று சொன்னால் அப்படியே தருவார்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பெண் குழந்தையை அழைத்துப் போகலாமா? ஓசை தாங்குமா? (மு.ச., மில்டன் கீன்ஸ்)

அழைத்துப் போகலாம். பஞ்சு போதாது, தலைக்கு மேலாக வளைந்து இரு காதுகளையும் மூடும் குழந்தைகளுக்கான காதுக்கவசம் வாங்குங்கள். ஸ்வார்ப்ரிக்கின் காது பற்றி மேலே எழுதியதைப் பார்த்தீர்கள் அல்லவா? ஒலிபெருக்கிகளிலிருந்து தள்ளி, சரிவின் மேற்பகுதியில் இடம் பிடியுங்கள்.

குழந்தைக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று சனிக்கிழமை நண்பகலில் நடக்கும். பாடகரும் நகைச்சுவையாளருமான ரிச்சர்ட் டிகான்ஸ் பல ஆண்டுகளாக அந்நாளைத் தொடங்கி வைத்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல, மைதானம் முழுவதும் எழுந்து நின்று ஆளுக்கிரண்டு வெள்ளைக் கைக்குட்டைகளை வீசி, மாரிஸ் என்னும் கிராமிய நடனத்தை ஆடும். எதற்கும் நான்கு கைக்குட்டைகளைப் பையில் வைத்திருங்கள்.

கேள்வி: நண்பகலுக்குத்தான் பாட்டு என்றால் அதுவரை என்ன செய்வது? (எஸ்.கே., ஈஸ்ட் ஹாம்)

கால்வாய்க் கரைக்குப் போங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. விழாவுக்குப் படகிலேயே வந்து, கரையோரம் வரிசையாகக் கட்டிவிட்டு அதிலேயே சமைத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. ஆறேழு அடி அகலமே உள்ள நீண்ட படகு ஒன்று, படகை அடுத்த நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிக்குள் (லாக்) நுழைவதும், பின்னால் கதவைச் சாத்தி நீரை விட்டதும் அது கல்சுவரை உரசாமல் அங்குலம் அங்குலமாக உயர்வதும், மேல்கதவின் மரக்கையை இருவர் முதுகால் தள்ளித் திறப்பதும் பார்க்கச் சலிக்காத காட்சி. படகுக்காரர் கேட்டால் நீங்களும் ஒரு கை கொடுக்கலாம்.

சற்று நடந்தால் செர்வெல் ஆற்றுப் பாலம் வரும். உள்நாட்டுப் போரின்போது 1644 ஜூன் 29ஆம் தேதி முதலாம் சார்லஸ் மன்னரின் படையும் வில்லியம் வாலரின் நாடாளுமன்றப் படையும் மோதிய இடம் அது. மன்னர் தரப்புக்குச் சாதகமாக முடிந்த சண்டை. ஊரில் உள்ள இரண்டு பப்களிலும் பகலில் சிறு குழுக்கள் வாசிக்கும். அதற்குப் பெரும்பாலும் விழா டிக்கெட் வேண்டியதில்லை.

கேள்வி: கார் இல்லை. லண்டனிலிருந்து போய்வர முடியுமா? சனிக்கிழமை இரவே திரும்பலாமா? (ந.த., டூட்டிங்)

மேரிலபோன் நிலையத்திலிருந்து பான்பரிக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். குரோப்ரெடியில் இருந்த ரயில் நிலையத்தை 1950களிலேயே மூடிவிட்டார்கள். ஆகவே பான்பரியில் இறங்கி, விழாவையொட்டி விடப்படும் பேருந்தையோ டாக்சியையோ பிடிக்க வேண்டும். பேருந்து நேரங்களை அவ்வாண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவே திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ரிச்சர்ட் தாம்ப்சன் இருபது வயதுகூட ஆகாதபோது எழுதிய ஒரு பாட்டோடுதான் விழா ஒவ்வோர் ஆண்டும் முடியும். மேடையில் இருப்பவர்கள் எல்லாரும், கீழே இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். அது முடியும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். அந்நேரத்தில் பான்பரிக்குப் போய் லண்டன் ரயிலைப் பிடிக்கலாம் என்று நம்ப முடியாது. ரயிலுக்காகப் பத்தரைக்கே எழுந்தால், எதற்காக வந்தீர்களோ அதை விட்டுவிட்டுப் போவதாகும். அன்றிரவு அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை புறப்படுங்கள். ஞாயிறுகளில் தண்டவாள வேலைகளுக்காக ரயில்களைக் குறைப்பதும் பாதி வழிக்குப் பேருந்து விடுவதும் பிரிட்டனில் சகஜம் என்பதால், அன்றைய கால அட்டவணையை வெள்ளிக்கிழமையே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.