டிரெய்லர் இழுக்கும்போது மட்டும் டீசல் பிக்கப் திணறுவது ஏன்?

கடலூர் முதுநகரிலிருந்து தேங்காய்த்திட்டுக்குப் படகை டிரெய்லரில் இழுத்துப் போகும்போது, பெண்ணையாற்றுப் பாலம் ஏறினாலே இழுவை விழுகிறது, வெறும் வண்டி நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள்.

முதலில் புகையைப் பாருங்கள். கரும்புகை தள்ளினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) வழியாகப் போகும் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். சின்ன வெடிப்பு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) மூடியே இருக்கும். சுமையில் டர்போ அழுத்தம் ஏறும்போதுதான் திறந்து காற்றை விடும். எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். எண்ணெய்க் கசிவும் தூசியும் படிந்த இடம்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இதைப் பார்க்காமல் டர்போவை மாற்றச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், பெரிய செலவு அது.

புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் ஃபில்டர் அடைப்பைச் சந்தேகியுங்கள். ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். கடலோர ஈரத்தில் பாதி காலியான டாங்கில் நீர் கோத்துக்கொள்ளும்.

சரி, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் இழுவை திரும்புகிறதா? அப்படியானால் வண்டியின் கம்ப்யூட்டரே பாதுகாப்புக்காகச் சக்தியைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டு, கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைக் குறியீட்டை (கோட்) எடுங்கள். பி.எஸ். 6 (புகை மாசு விதிமுறை) வண்டியென்றால் சைலன்சர் வழியில் உள்ள புகைவடிகட்டி (டி.பி.எஃப்.) அடைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் இதே திணறல்தான். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய் சூட்டை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம்.