‘என் ரத்தம், உன் வளர்ப்பு’

கேள்வி: திருமணமாகி 14 ஆண்டுகள். வெளியில் என் கணவரைத் தங்கமான மனிதர் என்பார்கள். வீட்டிலோ என்னை மட்டம் தட்டிக்கொண்டே இருப்பார். மகள் நல்ல மார்க் வாங்கினால் ‘என் ரத்தம்’. குறைந்தால் ‘உன் வளர்ப்பு’. யூடியூப் பார்த்ததிலிருந்து அவர் ‘நார்சிசிஸ்ட்’, அதாவது தன்னையே பெரிதாக நினைக்கிறவர் என்றே தோன்றுகிறது. இது நோயா? குணமாகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பெருமை தனக்கு, பழி உங்களுக்கு. 14 வருடமாக இதைக் கேட்டால் யாருக்கும் மனசு விட்டுப்போகும், சகோதரி. ஆனால் இதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது.

மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்-5 கையேட்டில் ‘நார்சிசிஸ்டிக் ஆளுமைக் கோளாறு’ என்ற இந்த நோய்க்கு 9 அறிகுறிகள் உண்டு. தன்னைப் பற்றிய மிகையான எண்ணம், ஓயாத பாராட்டுப் பசி, தனக்கு மட்டும் தனிச்சலுகை வேண்டும் என்ற நினைப்பு, அடுத்தவரைப் பயன்படுத்திக்கொள்வது, அவர்கள் வலி உறைக்காதது, பொறாமை இப்படி. குறைந்தது 5 இருக்க வேண்டும். இளவயதிலிருந்தே, பல இடங்களிலும் தெரிய வேண்டும். மேலதிகாரியிடம் குழைகிறவர் வாட்ச்மேனிடம், ஹோட்டல் சர்வரிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். திடீரென்று சில வாரமாகத்தான் தூக்கமில்லாமல் பெருமை பேசி, பணத்தை வாரி இறைக்கிறார் என்றால் அது மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் பைபோலார் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. ஆனால் நார்சிசிஸ்டிக் கோளாறுக்கென்று தனி மருந்து கிடையாது. நீண்டகால மனநல ஆலோசனைதான் வழி, அதுவும் அவரே விரும்பி வந்தால். பெரும்பாலோர் மனச்சோர்வு, குடி என்று வேறு காரணத்துக்குத்தான் டாக்டரிடம் வருகிறார்கள். அதனால் ‘நீங்க நார்சிசிஸ்ட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவமானம் தாங்காத மனசு அது. அடுத்த நிமிடம் கத்தலாகத் திரும்பும். தூக்கம் சரியில்லை, டென்ஷனாக இருக்கிறீர்கள் என்று அழைத்துப் பாருங்கள்.

மட்டம் தட்டும்போது விளக்கம் சொல்லி வாதாடினால் பேச்சு நீளுமே தவிர ஓயாது. ‘இப்படிப் பேசினா நான் எழுந்து போயிடுவேன்’ என்று ஒரே வாக்கியம் சொல்லி, உண்மையிலேயே எழுந்துவிடுங்கள். முதலில் கோபம் கூடும். கைநீட்டுகிற ஆளென்றால் இதைச் செய்து பார்க்க வேண்டாம். உடனே பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, வசவையும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. என்ன பேசினார், என்ன நடந்தது என்று தேதியோடு அவர் கண்ணில் படாத இடத்தில் எழுதி வையுங்கள். உங்கள் மனசுக்கும் ஆள் வேண்டும்: அரசின் மனநல உதவி எண் ‘டெலி மானஸ்’ 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்று ராத்திரியே மகளிடம் தனியாகச் சொல்லுங்கள்: ‘மார்க் நீ படிச்சு வாங்கினது. அப்பா ரத்தமும் இல்ல, என் வளர்ப்பும் இல்ல.’