ஆர்வி-7 விமானத்துக்குப் பெரிய எஞ்சின் தேவையா?

கேள்வி: அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வசிக்கிறேன். ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டி, 400 மணி நேரம் பறந்த வான்ஸ் ஆர்வி-7 விமானத்தைச் சென்ற ஆண்டு வாங்கினேன். 180 குதிரைத்திறன் லைகமிங் ஓ-360 எஞ்சின். இறகுக் கோணம் மாறாத புரொப்பெல்லர். மணிக்கு 195 மைல் வேகத்தில் போகிறது. 200 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மாறலாமா? அல்லது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போ பொருத்தி 17,500 அடியில் பறக்கலாமா? வேலையை நானே செய்யச் சட்டம் அனுமதிக்குமா? வரும் ஜூலையில் மனைவியுடன் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்குப் போக விரும்புகிறேன்.

பதில்: எஞ்சினை மாற்ற வேண்டாம். டர்போவை நினைக்கவே வேண்டாம். செலவு செய்தே தீர வேண்டும் என்றால் புரொப்பெல்லரில் செய்யுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 180 குதிரைத்திறனை 200 ஆக்கினால் திறன் 11 விழுக்காடு கூடும். வேகமோ மூன்றரை விழுக்காடுதான் கூடும். உங்கள் 195 மைல் 202 ஆகும். 500 மைல் பயணத்தில் ஐந்து நிமிடம் மிச்சம். அந்த ஐந்து நிமிடத்துக்காக மணிக்கு ஏறத்தாழ ஒரு காலன் எரிபொருள் கூடுதலாக எரியும். மூக்கில் முப்பது பவுண்டுக்கு மேல் எடை ஏறும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காற்றுத்தடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் அதே ஏழு மைல் கிடைக்கிறது. உங்கள் விமானத்தின் சக்கரங்கள் மடங்குவதில்லை. ஆகவே சக்கர உறைகளும் கால் உறைகளும் காற்றின் போக்குக்கு நேராக இருக்கின்றனவா என்று முதலில் அளந்து பாருங்கள். அடுத்து, எஞ்சின் மூடிக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளின் ரப்பர் விளிம்புகள். அவை மடிந்தோ கிழிந்தோ இருந்தால் உள்ளே வரும் காற்று சிலிண்டர்களைக் குளிர்விக்காமல் வீணாகக் கசிந்து போகும். தடையும் கூடும், சூடும் கூடும். அரிசோனா வெயிலில் பாதிச் சூட்டுத் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. இதற்கு எஞ்சின் விலையில் நூறில் ஒரு பங்குகூடச் செலவாகாது.

டர்போ பற்றி நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்வி-7 ஒருபோதும் தாண்டக் கூடாத வேகம் மணிக்கு 230 மைல். இது வேகமானி முள் காட்டும் வேகம் அன்று. காற்றில் விமானம் உண்மையாகச் செல்லும் வேகம். வான்ஸ் நிறுவனம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர், பக்கவாட்டில் அசையும் ரடர் போன்ற பரப்புகள் தாமாகவே படபடவென அதிரத் தொடங்கும் ஃப்ளட்டர் என்னும் ஆபத்து உண்மை வேகத்தோடு கட்டுண்டது. காற்று மெலியும்போது அந்த அதிர்வைத் தணிக்கும் விசையும் குறைந்துவிடுகிறது. தொடங்கிய சில நொடிகளில் வால் பிய்ந்துபோகக்கூடும்.

17,500 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 58 விழுக்காடு. அங்கே முள் 175 காட்டும்போதே உண்மை வேகம் 230. வேகமானி முகப்பில் வரைந்த சிவப்புக் கோடு இன்னும் வெகுதூரத்தில் இருப்பதுபோல் தெரியும். நீங்களோ எல்லையில் நிற்பீர்கள். எஞ்சின் விசையைக் குறைக்காமல் இறங்கத் தொடங்கினால் எல்லை தாண்டியாயிற்று. டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் தானாகவே மூச்சு வாங்கிவிடும். அதுவே உங்களுக்கு ஒரு காவல். அந்தக் காவலைப் பணம் கொடுத்து அகற்றாதீர்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. விமானத்துக்கு மறுபடி வண்ணம் பூசினால், எலிவேட்டர்களின் எடைச் சமநிலையைப் பூசிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வோர் அவுன்ஸ் வண்ணமும் கணக்கில் வரும்.

இப்போது புரொப்பெல்லர். கோணம் மாறாத புரொப்பெல்லர் நெடும்பயண வேகத்துக்கு ஏற்ப அமைந்திருந்தால், ஓடுபாதையில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றை எட்டாது. 2,200 சுற்றில் திணறும். சுற்று குறைந்தால் திறனும் குறையும். 180 குதிரைத்திறனுக்கு விலை கொடுத்துவிட்டு, ஏறும்போது 150-ஐச் சுற்றியே பெறுகிறீர்கள். கோணம் தானே மாறும் சீர்வேகப் புரொப்பெல்லர் அந்த முப்பதையும் மீட்டுத் தரும். கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்தில் இருக்கும் பிரெஸ்காட்டில், ஆகஸ்ட் மதியத்தில், இருவரும் பெட்டிகளுமாக ஏறும்போது இதன் அருமை தெரியும். இந்தப் புரொப்பெல்லரால் மூக்கில் எடை கூடுவதால், பின்னால் சாமான் வைக்கும்போது ஈர்ப்பு மையம் பின்னே நகர்வதும் ஓரளவு ஈடாகும்.

ஆர்டர் கொடுக்கும் முன் எஞ்சின் தகட்டில் உள்ள முழு மாடல் எண்ணைப் படியுங்கள். ஓ-360-ல் சில வகைகளுக்குப் புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிரேங்க்ஷாஃப்ட் உட்துளை இல்லாதது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சீர்வேகப் புரொப்பெல்லரை அதில் பொருத்த முடியாது. எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியைத் தரும் மேக்னெட்டோவை மாற்றி மின்னணுப் பற்றவைப்போ உயர் அழுத்தப் பிஸ்டனோ போட்டிருந்தால், அதைப் புரொப்பெல்லர் தயாரிப்பாளரிடம் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். எஞ்சினின் துடிப்பு மாறும்போது, எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டக் கூடாத சுற்று வேகங்களும் மாறும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக, வேறொருவர் கைகள் கட்டிய விமானத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011-ல் விபத்துக்குள்ளான வீட்டுக்கட்டு விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை கட்டியவரிடமிருந்து பிறர் வாங்கியவை. இது என்னை இன்றும் உறுத்துகிறது. கட்டியவருக்கு ஒவ்வொரு ரிவெட்டும் தெரியும். வாங்கியவருக்குப் பதிவேடு மட்டுமே தெரியும். பதிவேட்டை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு விமானத்தைத் தராசில் ஏற்றியபோது எழுதியிருந்த எடையைவிட 27 பவுண்டு கூடுதலாக இருந்தது. வண்ணமும் மெத்தைகளும் எடை போட்ட பின் சேர்ந்தவை. உங்களுடையதையும் மூன்று தராசுகளில் நிறுத்துங்கள். 2014-ல் வான்ஸ் வெளியிட்ட சேவை அறிக்கைகளின்படி, கிடைவாலின் முன் தண்டிலும் எலிவேட்டர் தண்டிலும் விரிசல் பார்த்ததாகப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, சோதனை வகை வீட்டுக்கட்டு விமானத்தில் பழுது பார்க்கவும் பாகம் மாற்றவும் உங்களுக்குத் தடையில்லை. ஆண்டுதோறும் நடக்கும் நிலைச் சோதனைக்கு மட்டும், அதற்குரிய சான்றிதழ் இல்லாமல் நீங்கள் கையெழுத்திட முடியாது. கட்டியவர் பெற்ற சான்றிதழ் அவர் பெயரில் இருக்கிறது, விமானத்தோடு கைமாறாது. உங்களிடம் சான்றிதழ் இல்லையென்றால் அவரோ, ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின் இரண்டுக்குமான) உரிமம் பெற்ற மெக்கானிக்கோ வர வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அந்த மெக்கானிக்கை அழைத்துத் திட்டத்தைக் காட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அழைத்து மூடியைத் திறக்கச் சொன்னால் இருவருக்கும் வருத்தம்தான் மிஞ்சும்.

புரொப்பெல்லர் வகையை மாற்றுவது பெரிய மாற்றமாகக் கருதப்படும். உங்கள் விமானத்துக்கு வழங்கிய இயக்க வரம்புகள் ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். கூட்டாட்சி விமானத் துறையின் வட்டார அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமா என்பதும் அதில் இருக்கும். பொதுவாகக் குறைந்தது 5 மணி நேரம், குறித்த பகுதிக்குள், பயணி இல்லாமல் சோதனைப் பறப்பு செய்ய வேண்டும். அந்த நேரத்தை வட்டமடித்துக் கழிக்காதீர்கள். ஏறும் வீதம், சிலிண்டர் சூடு, இறங்குகையில் எஞ்சின் விசையை முழுவதும் குறைத்தால் விமானம் எவ்வளவு விரைவாகத் தாழ்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம்: சீர்வேகப் புரொப்பெல்லர் தடைபோல் நின்று, பழகிய சறுக்குத் தூரத்தைக் குறைத்துவிடும்.

ஜூலைக்குள் முடிய வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே பொருள் கையில் இருக்க வேண்டும். மே மாதம் சோதனைப் பறப்புகளை முடித்து, முடிவுகளைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் மனைவி அதற்குப் பிறகு ஏறட்டும்.