துப்பாக்கிக் குழலில் கோல்டு ப்ளூ (cold blue, எஃகில் தடவியே கருநீலமாக்கும் திரவம்) பூசியும் கீறல் பழுப்பாகவே நிற்கிறதா?

மேலே இன்னொரு பூச்சு போடாதீர்கள், முதலில் எண்ணெயை எடுங்கள். இரட்டைக்குழல் ஷாட்கன்னில் நீங்கள் தடவிய இடம் கருநீலமாகாமல் பழுப்புத் திட்டாக நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். துணியால் துடைத்தால் போனது போலத் தெரியும். கீறலின் பள்ளத்தில் ஒளிந்திருக்கும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழல்களைத் தனியே கழற்றுங்கள். 0000 ஸ்டீல் வுல்லால் (மிக நுண்ணிய எஃகு நார்) கீறலை மட்டும் லேசாகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். அப்புறம் அந்த இடத்தில் விரல் படவே கூடாது. அசிட்டோன் முழுக்க ஆவியானதும் ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, கோல்டு ப்ளூவைப் பஞ்சுக்குச்சியால் மெல்லியதாகத் தடவுங்கள். கழுவி, உலர்த்தி, நிறம் போதாவிட்டால் மறுபடி. கடைசியில் எண்ணெய்.

பல கோல்டு ப்ளூக்களில் செலினியம் நஞ்சு உண்டு. கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். நன்றாக வந்தாலும் பழைய பூச்சோடு அச்சு அசலாகப் பொருந்தாது, சீக்கிரம் தேயவும் செய்யும்.

யாராவது ஹாட் ப்ளூ (கொதிக்கும் கரைசலில் முக்கிக் கருநீலமாக்குவது) செய்து தருகிறேன் என்றால் மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். குழல்களை இணைக்கும் ஈயப்பற்றை அந்தக் கொதிக்கும் காரக் கரைசல் அரித்துவிடும்.