செக் குடும்பப் பெயர்கள் எப்படித் தோன்றின? அவற்றின் பொருள் என்ன?

செக் குடும்பப் பெயர்களில் மிகப் பல, ஒரே ஞானஸ்நானப் பெயரைக் கொண்ட பலரை வேறுபடுத்தி அறிய ஊரார் இட்ட பட்டப்பெயர்களாகத் தொடங்கியவை. அன்று செக் நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1780-களில் பிறப்பித்த ஆணைகள்தாம் அவற்றைத் தலைமுறைதோறும் மாறாமல் தொடரும் பரம்பரைப் பெயர்களாக நிலைநிறுத்தின.

ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் நொவாக் ஆனார். இன்று அந்நாட்டில் மிகப் பரவலாக உள்ள பெயர்களுள் அதுவும் ஒன்று. விடுதலை எனப் பொருள்படும் ஸ்வொபொடா, பண்ணையடிமைக் கட்டுக்கு உட்படாத குடியானவரைச் சுட்டியது. கொவார்ஷ் என்றால் கொல்லர். எழுத்தாளர் காஃப்காவின் பெயரோ காக்கை இனத்துப் பறவை ஒன்றினுடையது.

இவற்றுள் வியப்புக்குரியவை, குறிப்பாக நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் மிகுதியாக வழங்கும், இறந்தகால வினையே பெயராகிவிட்ட வகையைச் சேர்ந்தவை என்பேன். நவ்ராட்டில் என்றால் ‘திரும்பி வந்தார்’, பொஸ்பீஷில் என்றால் ‘விரைந்தார்’, விஸ்கொச்சில் என்றால் ‘துள்ளிக் குதித்தார்’, தொலெஜல் என்றால் ‘சோம்பிப் படுத்துக் கிடந்தார்’. யாரோ ஒருவர் என்றோ செய்த செயலோ அவருடைய இயல்போ, காரணம் மறந்துபோன பின்னும், வழித்தோன்றல்களின் அடையாளமாக நீடிக்கிறது.

பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் ‘ஒவா’ என்னும் விகுதி பெறும். டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் பெயர் மேற்சொன்ன நவ்ராட்டிலின் பெண்பால் வடிவமே. நொவொட்னீ போன்ற உரிச்சொல் பெயர்கள் மட்டும் நொவொட்னா என முடியும். 2022 ஜனவரி முதல், இந்த விகுதியை ஏற்பதா விடுப்பதா என்பதைப் பெண்களே முடிவுசெய்யச் சட்டம் இடமளிக்கிறது.